எனக்கு வராத அம்மை

எனக்கு வந்த நோய்களுக்குக் கணக்கில்லை. மலேரியா மூன்று முறை, சொறி நாலு வருஷம், ரத்தபேதி, கால் வீக்கம், அப்புறம் ஜப்பான்காரன் காலத்தில் எல்லார் முழங்காலிலும் இருந்த ஆறாத புண் (அது இல்லாதவனைப் பார்த்தால் நாங்கள் சந்தேகப்படுவோம்). இதில் ஒன்றாலும் எனக்குப் பேர் கிடைக்கவில்லை. செர்டாங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வயதானவர்கள் இன்றும் என்னை ஞாபகம் வைத்திருப்பது எனக்கு வராத ஓர் அம்மைக்காகத்தான்.

என் மகள் போன மாதம் பினாங்குப் பட்டணத்து வீட்டை விட்டுவிட்டு, வெளியே புதிதாகக் கட்டிய தாமான் குடியிருப்புக்குக் குடிபோனாள். ஏன் என்று கேட்டேன். "காத்து நல்லாருக்குப்பா. சத்தம் இல்ல. பிள்ளைங்க ஓடி வெளயாடலாம் லா" என்றாள். நல்ல காரணங்கள். நானும் அவள் வயதை எட்டும் முன்பே அதே பட்டணத்தை விட்டு வெளியே குடிபோனவன்தான். ஆனால் நான் காற்றைத் தேடிப் போகவில்லை.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு ஓர் இடத்தில் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அப்போது பினாங்கில் ஒரு முஸ்லிம் முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி கலக்கும் வேலை. முதலில் பால் நின்றது. பிறகு சீனி. பிறகு தேயிலை. கடைசியில் வெந்நீரை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். (நல்லாத்தான் ஆத்துவேன். நுரைதான் வராது.)

பட்டணத்தில் இருந்தவர்கள் தினமும் யாராவது கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். அரிசி இல்லை என்று சிலர் போனார்கள். முச்சந்தியில் நின்ற சிப்பாய்க்குச் சரியாகக் குனியவில்லை என்று அறை வாங்கிய மறுநாள் சிலர் போனார்கள். ஆனால் அதிகம் பேரைக் கிளப்பியது சயாம். அங்கே ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், போனவன் கடுதாசிகூடப் போடவில்லை, இதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

ஒரு மத்தியானம் எங்கள் தெருவின் இரண்டு முனையிலும் லாரியைக் குறுக்கே நிறுத்தினார்கள். நான் ஓடவில்லை. ஓட எனக்குத் தோன்றவில்லை. சோறு வடிக்கிற பெரிய அண்டா எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்தது. அதற்குள் இறங்கித் தட்டை இழுத்து மூடிக்கொண்டேன். பஞ்சத்தால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அந்த இடம். பூட்ஸ் சத்தம் கிட்டே வந்தது. யாரோ தட்டின் மேல் விரலால் தாளம் போட்டான். என் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் அண்டாவுக்குள் தமுக்கடிக்கிற மாதிரி கேட்டது. சட்டையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது சமையல்காரர் இல்லை. மூலை மேசையில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்த ஆள் இல்லை. அவருடைய கிளாசில் பாதித் தண்ணீர் இருந்தது. இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"தம்பி, இனிமே இங்கன இருக்காத" என்றார் முதலாளி. "அண்டா ஒரு தடவதான் காப்பாத்தும்."

மறுநாள் காலை சம்பான் படகில் கடலைத் தாண்டி, செர்டாங் பக்கம் தோட்டத்தில் இருந்த பாக்கியம் அக்காவைத் தேடி நடந்தேன். பாக்கியம் என் பெரியம்மா மகள். இரண்டு நாள் நடை. பாதையில் பாதிப் பினாங்கு நடந்துகொண்டிருந்தது. தையல் மிஷினைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு ஒரு சீனர். கோழிக்கூண்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா. தோட்டத்தில் கிழங்கு கிடைக்கும், சிப்பாய் கிடையாது, ஆபத்தென்றால் காடு பக்கத்தில் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொன்னோம். இப்படிச் சொன்ன ஒருவரும் தோட்டத்தில் இருந்தவர் இல்லை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

நடுவில் ஒரு தமிழ்க் குடும்பம் எதிர்த்திசையில் வந்தது.

"எங்கண்ணே போறீங்க?" என்றேன்.

"பட்டணத்துக்கு. தோட்டத்துல ஆள் புடிக்கிறான் தம்பி. பட்டணத்துல கூட்டத்தோட கூட்டமா இருந்துக்கலாம்ல."

அவர்களைப் பார்த்து எனக்குப் பரிதாபமாக இருந்தது. அவர்களும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அக்கா என்னைக் கண்டதும் தலையிலிருந்த விறகைக் கீழே போட்டாள். "அடப்பாவி, கருவாடு மாதிரி வந்திருக்கியேடா!" வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தாள். நான் நாலு துண்டு தின்றபிறகுதான் மச்சானைப் பார்த்தேன். அவருக்கு இருந்ததே நாலு துண்டுதான்.

மச்சான் அதிகம் பேசாத மனிதர். நான்தான் பேச்சைத் தொடங்கினேன். "இங்க ஜப்பான்காரன் வந்து தெருவ மறிக்கிறதெல்லாம் கெடயாதுல்ல மச்சான்?"

"இல்ல" என்றார். கிழங்குத் தோலைப் பொறுக்கிக்கொண்டே, "மறிக்கிற அவசியமில்ல. நாமளே வரிசையா நிக்கிறோம்" என்றார்.

மறுநாள் காலை பெரட்டில் நின்றபோதுதான் அந்தப் பதில் புரிந்தது. பெரட்டு என்றால் விடியற்காலையில் எல்லாத் தொழிலாளர்களும் வரிசையில் நின்று பேர் கொடுப்பது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டான், ரப்பருக்குக் கேள்வியில்லை, பால்மரங்கள் வெட்டாமல் நின்றன. கிழங்கு நடுவதுதான் வேலை. ஆனாலும் பெரட்டு மட்டும் நிற்கவில்லை. பட்டணத்தில் ஆள் பிடிக்க இரண்டு லாரியும் இருபது சிப்பாயும் வேண்டும். இங்கே நூறு ஆம்பளைகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறோம். எண்ணி ஏற்றிக்கொண்டு போகலாம். தொழிலாளர் குடியிருப்பான அந்த லயத்திலிருந்து மட்டும் ஏற்கெனவே ஆறு பேர் போயிருந்தார்கள். நான் அடுப்பிலிருந்து தப்பி, அடுப்புக்கு அளந்து வைத்த விறகோடு வந்து படுத்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை கிராணி ஐயா என்னைக் கூப்பிட்டார். தோட்டத்து எழுத்து வேலையெல்லாம் அவர்தான். நல்ல மனிதர், கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்.

"தம்பி, வியாழக்கெழம லாரி வருது. பத்து ஆளு கேட்டிருக்கான். குடும்பம் இல்லாதவன் மொதல்ல. புதுசா வந்தவன் மொதல்ல." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "ரெண்டுலயும் நீதான் மொதல்ல வர்றே."

"காட்டுக்குள்ள ஓடிட்டா ஐயா?"

"ஓடலாம். நீ தங்கியிருக்கிற வீட்டு ஆம்பளய ஏத்திக்குவான். போன தடவ அப்பிடித்தான் செஞ்சான்."

கிணற்றடியில் மச்சான் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓடினால் அவர், நின்றால் நான். அதுவரை எந்த ஊரிலிருந்தும் ஓடிப்போகத் தெரிந்த எனக்கு, முதல் தடவையாக ஓட வழியில்லை.

அப்போதுதான் அந்த மேதாவி யோசனை வந்தது. பினாங்கில் வாந்திபேதி கண்ட வீட்டுப் பக்கம் போகாமல் ஜப்பான் சிப்பாய்கள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தெருவையே சுற்றிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே எனக்கு அம்மை வரவேண்டும். வாசலில் வேப்பிலை தொங்கவேண்டும். வேப்பிலை தொங்கும் வீட்டுக்குள் யார் வருவார்கள்? எங்கள் ஆட்களில் ஒருத்தனும் வரமாட்டான். (எங்க ஆளுங்க வரமாட்டாங்கதான். வரப்போறவன் எங்க ஆளா? இந்தக் கேள்வி மூணு நாள் எனக்குத் தோணவே இல்ல.)

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மச்சானின் பால்வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு ஒரு மரத்தைக் கீறினேன். வடிந்த பாலை ஈர்க்குச்சியால் தொட்டு முகம், நெஞ்சு, கை எல்லாம் சொட்டுச் சொட்டாக வைத்தேன். காய்ந்தபோது முத்து முத்தாகத் திரண்டு நின்றது. கிணற்றுத் தண்ணீரில் முகத்தைப் பார்த்து நானே பயந்துபோனேன்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஜப்பான்காரனிடம் பொய் சொல்லச் சொன்னால் சொல்லுவாள். மாரியம்மன் பேரில் பொய் சொல்லச் சொன்னால் என்னைச் செருப்பால் அடிப்பாள். முனகிக்கொண்டு பாயில் படுத்தேன். அவள் அலறுவாள் என்று எதிர்பார்த்தேன். அலறவில்லை. இரண்டு கையையும் கூப்பினாள்.

"தாயே! செவ்வாக்கெழமையா பாத்து வந்திருக்கியே!"

அந்த நிமிஷத்திலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்குள் வந்திருந்த ஆத்தாவோடுதான் பேச்சு. "எளநி குடிக்கிறியா தாயே? பாய் உறுத்துதா தாயே?" வாசலில் அவளே வேப்பிலை கட்டினாள். பாயில் வேப்பிலையைப் பரப்பினாள். மஞ்சளை அரைத்துப் பூச வந்தபோது முத்துகள் உதிர்ந்துவிடுமோ என்று நான் பயந்து துள்ளினேன். "பாத்தியா, ஆத்தாளுக்குக் கோவம்" என்று விரலை எடுத்து, முத்தில் படாமல் சுற்றிலும் பூசினாள். லயத்தில் ஒரு வீட்டிலும் தாளிக்கவில்லை. பெண்கள் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து தாலாட்டுப் பாடினார்கள்.

புதன்கிழமை அடுத்த வீட்டு அஞ்சலை கூழ் காய்ச்சிக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். அரிசிக் கூழ். எட்டு மாதமாக நான் அரிசியைக் கண்ணால் பார்க்கவில்லை. பாதி குடித்தபிறகு அக்கா சொன்னாள்: "அஞ்சல மக புள்ளத்தாச்சி. பேறுகாலத்துக்குன்னு ரெண்டு பால் டின் அரிசிய ஒளிச்சு வெச்சிருந்தா. ஆத்தாளுக்கு இல்லாததா எம் மகளுக்குன்னு எடுத்துட்டா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடி, "அஞ்சல! ஆத்தா குளுந்துட்டா! கண்ணுல தண்ணி!" என்று கத்தினாள். வெளியே குலவைச் சத்தம் கேட்டது. நான் மிச்சக் கூழையும் குடித்துவிட்டேன். இதை எழுதத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆனது.

வியாழக்கிழமை காலை லாரி வந்தது. பாலை மனித உடம்பில் மூன்று நாள் வைத்தால் அழுகின முட்டை நாற்றம் வரும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. பெரட்டில் பேர் படிப்பது படுத்த இடத்திலேயே கேட்டது. முதல் பேர் என்னுடையது. பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் பூட்ஸ் சத்தம் எங்கள் வீட்டை நோக்கி வந்தது. பின்னால் செருப்புச் சத்தம், கிராணி ஐயா. வாசலுக்கு வந்ததும் செருப்புச் சத்தம் நின்றது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டி நின்று கும்பிடுவது தட்டியின் இடுக்கில் தெரிந்தது. பூட்ஸ் நிற்கவில்லை.

வந்தவன் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. வேப்பிலையைப் பார்த்தான். ஒரு கொத்தைப் பறித்து முகர்ந்தான். "இனி அப்பா?" என்று மலாயில் கேட்டான். இது என்ன என்று அர்த்தம்.

அம்மைக்கு மலாயில் என்ன சொல் என்பது கிராணிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆத்தா இறங்கியிருக்கும் வாசலில் நின்றுகொண்டு அதை நோய் என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. எங்கள் சாமி உள்ளே எழுந்தருளியிருக்கிறது என்று பயபக்தியோடு மலாயில் சொல்லிவிட்டார்.

பெரிய அதிகாரிகள் வரும்போதெல்லாம் தோட்டத்து முகப்பில் இலைத் தோரணம் கட்டவேண்டும் என்று உத்தரவு இருந்தது. இதுவும் அந்த மாதிரி வரவேற்பு என்று அவன் நினைத்திருக்க வேண்டும். முகம் மலர்ந்தது. "பகுஸ், பகுஸ்" என்றான். மிக நன்று என்று பாராட்டு. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வேப்பிலைக்குக் கீழே மரியாதையாகக் குனிந்து, எங்கள் சாமியைக் கும்பிட உள்ளே வந்துவிட்டான்.

மூன்று நாள் பாடுபட்டு, வரவேண்டாம் என்று கட்டின இலை, வா என்று கூப்பிட்டிருக்கிறது. பாயில் கிடந்த எனக்கு மூச்சு நின்றுபோயிற்று. மூத்திரம் மட்டும் நிற்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அவன் இருட்டுக்குக் கண் பழக ஒரு நிமிஷம் நின்றான். பிறகு குனிந்தான். கண்ணாடி என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தது. மஞ்சள் முகம், முத்துகள், நாற்றம்.

அவன் போட்ட கூச்சலில் வெளியே தாலாட்டு நின்றது. பின்னால் துள்ளி, தலையை நிலையில் இடித்துக்கொண்டு, தொப்பியை விட்டுவிட்டு வெளியே போய் விழுந்தான். கையில் இருந்த வேப்பிலைக் கொத்தைப் பாம்பை உதறுவதுபோல் உதறினான். தோட்டத்தில் மிச்சம் இருந்த ஒரே சவுக்காரத் துண்டு கிராணி வீட்டில் இருந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்துத் தீர்த்தான். பிறகு வாளின் மேல் கையை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டைக் காட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னான். சிப்பாய்கள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு காய்ந்த தென்னோலையைக் கொண்டுவந்தார்கள்.

எரிக்கப்போகிறார்கள். என்னை உள்ளே வைத்தா, வெளியே எடுத்துவிட்டா என்பதுதான் தெரியவில்லை. எழுந்து முத்துகளைப் பிய்த்துக் காட்டினால் வீடு மிஞ்சும். ஏமாற்றினவன் தலை மிஞ்சாது. யோசிக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. நான் பிய்க்கவில்லை.

அக்காதான் ஓடிவந்து என்னைப் பாயோடு இழுத்து வெளியே போட்டாள். கூரை தீப்பிடித்தது. அவளுடைய கல்யாணப் பெட்டி, மச்சானின் கத்தி, அதிகாரியின் தொப்பி எல்லாம் உள்ளே. அக்கா தீயைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் என் தலையில் கையை வைத்து உரக்கச் சொன்னாள்:

"ஆத்தா! வீட்ட எடுத்துக்க. எந் தம்பிய விட்டுரு. இவன் உசுரு உள்ளவரைக்கும் வருஷா வருஷம் ஒனக்குத் தீச்சட்டி எடுப்பான்!"

இதில் என்னை யாரும் கேட்கவில்லை.

எங்கள் லயத்து ஆட்கள் யாரையும் தொட அந்த அதிகாரி சம்மதிக்கவில்லை. பத்துப் பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. ஆத்தா காப்பாற்றினாள் என்று லயமே கும்பிட்டது. ஆனால் லாரி காலியாகத் திரும்பவில்லை. அடுத்த தோட்டத்தில் நிறுத்தி ஏற்றிக்கொண்டது. அதில் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று நான் யாரையும் கேட்டதில்லை.

தோட்டத்து ஓரத்தில் இருந்த பழைய மாட்டுக் கொட்டகையில் எங்களைத் தள்ளிவைத்தார்கள். ஒன்பதாம் நாள் அக்கா எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர். முத்து உதிரவேண்டும், உதிரவில்லை. நெஞ்சு முடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா மெதுவாக ஒன்றைக் கிள்ளினாள். நான் "அய்யோ" என்றேன். முத்து கையோடு வந்தது.

அக்கா பதினைந்து வருஷம் பால்மரம் வெட்டினவள். அந்த முத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். நீண்டது. விட்டாள். சுருங்கியது. மறுபடியும் இழுத்தாள்.

"அக்கா..." என்றேன்.

அவள் கை என் கன்னத்தில் விழுந்த சத்தத்துக்கு, வெளியே விறகு பிளந்துகொண்டிருந்த மச்சான், "என்னா அங்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல. கொசு" என்றாள் அக்கா. மச்சான் விறகைப் பிளந்தார். அவர் கோடரி விழும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு என் காதுப் பக்கம் குனிந்தாள். "இத வெளிய சொன்னே, நானே ஒன்ன லாரியில ஏத்திருவேன்."

"தீச்சட்டி?"

"நேந்தது நேந்ததுதான். நான் செத்தாலும் நீ எடுக்குற. அஞ்சல அரிசி ஒன் வயித்துல இருக்கு, மறந்துராத."

அஞ்சலையின் மகள் கிழங்குக் கஞ்சி குடித்துப் பிள்ளை பெற்றாள். நல்லபடியாகத்தான் பிறந்தது. மாரியம்மா என்று பேர் வைத்தார்கள். அந்தப் பெண்ணைச் சந்தையில் பார்த்தால் இன்றும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அதற்குப் பிறகு எங்கெங்கோ போனேன். ஜித்ராவில் லாரி ஓட்டினேன், பெண்டாங்கில் நெல் மூட்டை தூக்கினேன், சிங்கப்பூரில் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தேன். எங்கே இருந்தாலும் திருவிழா மாதத்தில் செர்டாங்குக்கு வந்து, நெருப்பு எரியும் சட்டியை வெறுங்கையில் ஏந்தி மூன்று சுற்றுச் சுற்றவேண்டும். இதுவரை முப்பத்தெட்டு வருஷம் எடுத்திருக்கிறேன். அம்மை வந்து பிழைத்தவர்கள்கூட ஐந்து வருஷத்தில் முடித்துக்கொள்கிறார்கள்.

அக்காவும் இதை வெளியே விடவில்லை; மச்சானிடம் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் என் கல்யாணத்தன்று மணவறையிலேயே என் மனைவியின் காதில் சொல்லிவிட்டாள். தாலி கட்டும்போது பெண் ஏன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள் என்று மாமனார் வெகுநாள் விசாரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் யாராவது உடம்பு சரியில்லை என்று படுத்தால், நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற வழக்கம் கிடையாது. கன்னத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். போன வருஷம் எனக்கு நெஞ்சு வலி வந்து சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மூக்கில் குழாய். மகள் அழுதுகொண்டே ஓடிவந்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற நர்சையும் பொருட்படுத்தாமல், என் கன்னத்தைக் கிள்ளி இழுத்தாள்.

"நிஜமாத்தான் போலிருக்கு" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.